ரெனேயின் மூச்சு

ரெனே ஹாப்பலா அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து டுலூத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். வருஷக்கணக்காக அதே மலைச்சரிவு, அதே பனி, அதே கூச்சல். அந்த இலையுதிர் காலத்தில் மட்டும் கூச்சலுக்குள் அவள் பெயரும் சேர்ந்துகொண்டது.

“மிஸ் ரெனே, மூச்சு வந்துருச்சா?” என்று படியில் கால் வைக்கும்போதே ஒருத்தன் கேட்பான்.

“வந்துருச்சு, வந்துருச்சு! என் பைக்குள்ளதான் இவ்வளவு நாளா ஒளிஞ்சிட்டிருந்துச்சு!” என்று கடைசி வரிசையிலிருந்து பதில் வரும். பேருந்தே சிரிக்கும்.

“முதல்ல உட்காருங்கடா. விழுந்து பல்லை உடைச்சுக்கிட்டீங்கன்னா உங்கம்மா என் குடுமியைத்தான் பிடிப்பா” என்பாள் ரெனே. கோபமெல்லாம் இல்லை. சொல்லப்போனால் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். பின்னே இருக்காதா? ஏரிக்கு இறங்கும் சாலையின் திருப்பத்தில் வீடு உயர விளம்பரப் பலகையில் அவள் முகம். பெட்ரோல் பங்க் கண்ணாடியில் அவள் முகம். ஹாக்கி ஆட்ட ஒளிபரப்பில் இடைவேளை விட்டால் போதும், கையில் மளிகைப் பையோடு ரெனே மலைப்படிக்கட்டில் ஏறி வருவாள். மேலே வந்து நிற்பாள். கேமராவைப் பார்த்துச் சிரிப்பாள். “இருபத்தாறு வருஷம் என் மூச்சை சிகரெட்டுதான் வச்சிருந்துச்சு. இப்ப என் மூச்சு என்கிட்டயே வந்துருச்சு.” பிறகு பையிலிருந்து கட்டைவிரல் நீளத்தில் ஒரு மின்சிகரெட்டை எடுத்துக் காட்டுவாள். நிக்கோடின் அடிமைப்படுத்தும் என்ற எச்சரிக்கையும் கறுப்புப் பட்டையில் பெரிய எழுத்தில் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. யார் அதைப் படித்தார்கள்? எல்லாரும் ரெனேயின் சிரிப்பைத்தான் பார்த்தார்கள்.

அவள் சொன்னது பொய்யும் இல்லை. அதுதான் இந்தக் கதையில் வயிறு எரிகிற விஷயம். பத்தொன்பது வயதில் பிடித்த சிகரெட்டை அவளால் விட முடிந்ததில்லை. புருஷன் விட்டுவிட்டு அரிசோனாவுக்குப் போனபோதும் அவளை விடாமல் கூடவே இருந்தது அது ஒன்றுதான். மின்சிகரெட்டுக்கு மாறிய பிறகு காலை இருமல் நின்றது. படியேறினால் நெஞ்சு அடைக்கவில்லை. கம்பெனிக்காரர்களும் அப்படிப்பட்ட ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். நடிகர்கள் கூடாது, நிஜ மனுஷர்கள் வேண்டும். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்க வேண்டும். பல வருஷம் புகைத்திருக்க வேண்டும். இப்போது இதையே இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். ரெனே எல்லாவற்றுக்கும் பொருந்தினாள்.

படம் எடுக்க மினியாபோலிஸிலிருந்து டெவின் என்றொரு பையன் வந்தான். தேனாகப் பேசுவான். “எழுதி வச்சதெல்லாம் வேண்டாம் ரெனே, உங்க வாயில என்ன வருதோ அதைச் சொல்லுங்க” என்றான். அவளும் சொன்னாள். மூச்சைப் பற்றிச் சொன்னாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள்: “ஆனா சிகரெட் பிடிக்காதவங்க இதைத் தொடவே தொடாதீங்க. இதுவும் விடாது.” டெவின் கட்டைவிரலை உயர்த்தி “பிரமாதம்” என்றான். வந்தவர்கள் எல்லாரும் அவள் சுட்டு வைத்திருந்த ஓட்ஸ் சாக்லேட் துண்டுகளைத் தின்றுவிட்டுப் போனார்கள்.

அடுத்த மாதம் அவள் சமையலறை மேஜையில் கணினியை வைத்து முடிந்த படத்தைக் காட்டினான் டெவின். மூச்சு இருந்தது, சிரிப்பு இருந்தது. இரண்டாவதாகச் சொன்னதைக் காணோம்.

“என்ன ரெனே, ஏதாவது மாத்தணுமா? தயங்காம சொல்லுங்க.”

அதைக் கேட்க வேண்டும் என்று ரெனேக்கு வாய் வரை வந்தது. ஆனால் இந்த மினசோட்டாக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. காலை மிதித்தவனிடமும் இவர்கள்தான் மன்னிப்புக் கேட்பார்கள். தட்டில் கடைசித் துண்டு கேக் காய்ந்து கருவாடானாலும் ஒருத்தரும் எடுக்க மாட்டார்கள், அடுத்தவருக்கு இருக்கட்டும் என்று. அவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்த பையன், அவன் முகத்துக்கு நேராக ஒரு குறை சொல்வதா?

“இல்லையில்லை, நல்லாத்தான் இருக்கு” என்றாள் ரெனே. காப்பி இன்னொரு கோப்பை வேண்டுமா என்றும் கேட்டாள்.

அவளுக்கு ஒரே மகள், ப்ரிட்டா, பதினாறு வயது. பள்ளியின் ஐஸ் ஹாக்கி அணியில் இடது பக்கம் ஆடுகிறவள். காலில் சறுக்குக் கத்தியை மாட்டிவிட்டால் அந்தப் பெண்ணைப் பிடிக்க ஆள் கிடையாது. இந்த வருஷம் தங்கள் அணிக்கு ஆள் எடுக்கக் கல்லூரிகளிலிருந்து வந்து பார்க்கிறார்கள் என்று கோச் வூரி சொல்லியிருந்தார். ரெனேக்கு உலகத்தில் இருந்த ஒரே சொத்து அந்தப் பெண்ணின் கால்கள்தான். கால்கள் என்றா சொன்னேன்? மூச்சு என்று சொல்ல வேண்டும்.

நவம்பரில் ஆட்டங்கள் தொடங்கின. மூன்று பகுதி ஆட்டத்தில் முதல் பகுதியில் ப்ரிட்டா பறந்தாள். மூன்றாம் பகுதி வந்தால் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். “சளியா இருக்கும்” என்றார் கோச். “ஆமா, ஊரெல்லாம் சளி” என்றாள் ரெனே. கோழி சூப் வைத்துக் கொடுத்தாள்.

ஹாக்கி ஆடும் பிள்ளை வைத்திருக்கும் வீட்டில் நிலவறை எப்படி நாறும் என்று அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். ஆட்டம் முடிந்ததும் நனைந்த சாமான்களையெல்லாம் கணப்புக்குப் பக்கத்தில் காயப் போட வேண்டும், இல்லாவிட்டால் பூசணம் பிடித்துவிடும். தோள்கட்டு, முழங்கால் கட்டு, கடைசியில் கையுறை. கையுறை நாற்றம் என்றால் செத்த எலி தோற்றது. டிசம்பரில் ஒரு சனிக்கிழமை ரெனே கையுறையைப் பிரித்துக் கம்பியில் மாட்டும்போது அந்த நாற்றத்துக்குள்ளிருந்து மாம்பழ வாசனை வந்தது.

அவள் மறுபடி முகர்ந்து பார்த்தாள். மாம்பழம்தான். டுலூத்தில், டிசம்பரில், கையுறைக்குள் மாம்பழம். கட்டைவிரல் பக்கத்தில் விரலை விட்டாள். வழவழப்பாக ஒன்று தட்டுப்பட்டது. அவள் விளம்பரத்தில் காட்டிய அதே கம்பெனிச் சாமான். நிறம் மட்டும் வேறு, மாம்பழ வாசனை போட்டது.

படியேறி மேலே வந்தாள். ப்ரிட்டா சோபாவில் காலை நீட்டிக்கொண்டு தானியக் கஞ்சி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னடி இது?”

ப்ரிட்டா பார்த்தாள். கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். “உனக்குத் தெரியாததா? ஊருக்கே நீதானே காட்டறே.”

“வாயை அளந்து பேசு. எத்தனை நாளா?”

“செப்டம்பர்லேர்ந்து.”

“யாருடி குடுத்தா?”

“யாரு குடுத்தா என்னம்மா? எல்லார்கிட்டயும் இருக்கு. டீம்ல பாதிப் பேர் கிட்ட இருக்கு. நான்தான் கடைசியா ஆரம்பிச்சேன். எனக்குப் பயமா இருந்துச்சு. அப்புறம் உன் விளம்பரம் வந்துச்சு.”

ரெனே அதை மேஜையில் வைத்தாள். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். “நான் சிகரெட் பிடிக்கறவங்களுக்குச் சொன்னேன்டி. பிடிக்காதவங்க தொடாதீங்கன்னும் சொன்னேன். அதை வெட்டிட்டானுங்க.”

“அது எனக்கு எப்படித் தெரியும்? டி.வி.ல நீ அப்படிச் சொல்லலியே. நீ சிரிச்சே. மூச்சு வந்துருச்சுன்னே. நீ யார்கிட்டயும் பொய் சொல்லி நான் பாத்ததே இல்ல, தெரியுமா? பஸ்ஸை யாரோ உரசினா கூட நீயே போய் ஆபீஸ்ல சொல்லிட்டு வருவே. எங்கம்மா சொல்றான்னா சரியாத்தான் இருக்கும்னு இழுத்தேன்.” ப்ரிட்டாவின் உதடு கோணியது. “இப்ப விட முடியலம்மா. மூணு தடவை விட்டுப் பாத்தேன். முடியல.”

கத்த வேண்டும் என்றுதான் ரெனே மேலே வந்தாள். அழுகைதான் வந்தது. இரண்டு பேரும் அழுதார்கள். அழுது முடித்ததும் ரெனே கொல்லைக் கதவைத் திறந்து வெளியே போனாள். பனியில் நின்று தன் கோட்டிலிருந்து தன்னுடையதை எடுத்து நாலு இழுப்பு இழுத்தாள். உள்ளேயிருந்து ஜன்னல் கண்ணாடி வழியாக மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை அவள் கம்பெனிக்குப் போன் செய்தாள். எடுத்த பெண்ணின் குரலில் வெண்ணெய் உருகியது.

“உங்க அனுபவம் எங்களுக்கு ரொம்ப முக்கியம் ரெனே. ஆனா ஒப்பந்தம் இன்னும் ரெண்டு வருஷத்துக்கு இருக்கே.”

“என் மூஞ்சியைப் பாத்து என் பொண்ணே இதைப் பிடிச்சிருச்சும்மா. தயவுசெஞ்சு எடுத்துடுங்க.”

“கேக்கவே கஷ்டமா இருக்கு. நாங்க சின்னப் பசங்களுக்கு விக்கறதே இல்ல. பெரியவங்க பத்திரமா பூட்டி வைக்கணும்.” தாள் புரளும் சத்தம் கேட்டது. “ஒரே ஒரு வழி இருக்கு. விளம்பரத்துல வர்றவங்க எங்க சாமானை நிஜமாவே பயன்படுத்தணும்னு விதி. நீங்க அதை விட்டுட்டீங்கன்னா, நாங்களே எடுத்துடுவோம். விட்டுட்டீங்களா ரெனே?”

போன் அவள் காதில் இருந்தது. இன்னொரு கையில் அந்தச் சாமான் இருந்தது. “இல்ல” என்றாள். பிறகு நன்றியும் சொல்லி வைத்தாள். நன்றி! என்னத்துக்கு என்று அவளுக்கே தெரியாது.

அன்று மாலை மகளிடம் விஷயத்தைச் சொன்னாள். ப்ரிட்டா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அப்ப நீ விட்டுட்டா பலகை போயிடுமா?”

“போயிடுமாம்.”

“சரி. நீ விடு, நானும் விடறேன். ரெண்டு பேரும் ஒண்ணா. நீ விடாம என்னை மட்டும் விடச் சொன்னா நான் விட மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.”

ரெனே தலையாட்டினாள். மனசாரத்தான் ஆட்டினாள். மறுநாள் காலை பேருந்தின் முதல் ஓட்டம் வரை தாங்கினாள். இரண்டாவது ஓட்டத்துக்கு முன் அவள் கை தானாகக் கோட்டுக்குள் போயிற்று.

மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் விழிப்புணர்வு வேலை பார்த்த ஜனீன் நல்ல மனுஷி. ஊர் ஊராகப் போய்ப் பெற்றோர்களிடம் பேனா மாதிரி, அழிரப்பர் மாதிரி இருக்கிற மின்சிகரெட்டுகளையெல்லாம் காட்டிப் பேசுகிறவள். கூட்டத்துக்குப் பத்துப் பேர் வந்தால் அவளுக்குப் பண்டிகை. கம்பெனி பலகை பலகையாக வைக்கிறது. இவளுக்கு ஒரு புரொஜெக்டர், அதுவும் இரவல். ரெனே போன் செய்து, வெட்டிப் போட்டதைத் தன் வாயாலேயே நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும் என்றதும் ஜனீன் துள்ளிக் குதித்தாள்.

“நீங்களும் விட்டுட்டீங்களா ரெனே?”

“விடறதா இருக்கேன். முயற்சி பண்றேன்.”

“போதும், போதும். அதுவே பெரிய விஷயம்.”

ஜனவரியில் பள்ளி நூலகத்தில் கூட்டம். ரெனே வருகிறாள் என்றதும் நாற்காலி போதவில்லை. கோச் வூரி வந்தார், அணிப் பெண்கள் வந்தார்கள், பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி வந்தாள். மூன்றாவது வரிசையில் ப்ரிட்டா. ஜனீனுக்கு இத்தனை கூட்டத்தைப் பார்த்துத் தலைகால் புரியவில்லை. மைக்கைப் பிடித்தாள்.

“பலகையில பாக்கற அந்த முகம் உங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா இன்னிக்கு நான் உங்களுக்கு வேற ஒரு ரெனேயை அறிமுகப்படுத்தறேன். சிகரெட்டையும் விட்டு, மின்சிகரெட்டையும் விட்டு, எல்லாத்தையும் தூக்கிப் போட்ட ரெனே!”

கைதட்டல் கூரையைப் பிளந்தது.

ரெனே எழுந்து நின்றாள். “இல்லை ஜனீன், நான் இன்னும் விடல” என்று ஒரே வரி சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்த நல்ல மனுஷியை, இரவல் புரொஜெக்டரோடு நிற்கிறவளை, இத்தனை பேர் முன்னால், பத்திரிகைக்காரி முன்னால், நீ சொன்னது தப்பு என்று எப்படிச் சொல்வது? சீச்சீ, அப்படி ஒருத்தர் முகத்தைக் கருக வைப்பாளா ரெனே? அந்த ஊரில் யாருமே மாட்டார்கள். அவள் கூட்டத்தைப் பார்த்தாள். ப்ரிட்டா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண் நிறைய, அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா தனக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறாள், ஆச்சரியப்படுத்துவதற்காக இன்று வரை மறைத்து வைத்திருக்கிறாள் என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டுவிட்டது.

“நன்றி” என்றாள் ரெனே. நாளைக்கே இதை உண்மையாக்கிவிட்டால் போயிற்று என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு டெவின் வெட்டிய அந்த வரியைச் சொன்னாள். நன்றாகவே சொன்னாள். பலர் அழுதார்கள்.

பத்திரிகையில் படத்தோடு வந்தது. கம்பெனியும் சொன்ன சொல் தவறவில்லை. விதி என்றால் விதி. பலகையில் அவள் முகத்தை உரித்தார்கள். இரண்டே நாளில் அங்கே மீன்பிடித் தொப்பி போட்ட ஒரு தாத்தா வந்து சிரித்தார், அவருக்கும் மூச்சு வந்துவிட்டதாம். ஒருத்தி போனால் இன்னொருத்தர், அவர்களுக்கு மூச்சுக்கா பஞ்சம்? ஊர் மட்டும் ரெனேயைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. பேருந்தில் பையன்கள் கூடக் கேலியைக் குறைத்துக்கொண்டார்கள்.

ப்ரிட்டா நிஜமாகவே விட்டாள். கூட்டம் முடிந்து வந்த அன்றைக்கே தன்னிடம் இருந்ததையெல்லாம் சுத்தியலால் உடைத்தாள். அடுத்த வாரம் நரகம். தலைவலி, வாந்தி, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுதல். குளியலறைத் தரையில் சுருண்டு உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கினாள். ரெனே பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலைமுடியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“முடியலம்மா. ஒரே ஒரு இழுப்பு. செத்துடுவேன் போல இருக்கு.”

“எனக்கும் அப்படித்தான்டி இருக்கு, கண்ணு.”

“உனக்குமா?”

“பின்னே? கையைப் பாரு, நடுங்குது. ரெண்டு பேரும் சேந்து தாங்குவோம். விட்டுடாதே.”

நடுங்கத்தான் செய்தது. பொய் சொல்கிறவளுக்குக் கை நடுங்காதா? அதற்குச் சற்று முன்புதான் வீட்டுக் கார்க் கொட்டகைக்குப் பின்னால் நின்று ஆசை தீர இழுத்துவிட்டுப் பல் தேய்த்துவிட்டு வந்திருந்தாள். அவளை ஒரேயடியாகத் திட்டிவிடவும் எனக்கு மனசு வரவில்லை. முயற்சி செய்யாமல் இல்லை அவள். ஒன்றை ஏரியில் எறிந்தாள். மறுநாள் வேறொன்று வாங்கினாள். உள்ளூர் பெட்ரோல் பங்கில் கல்லாப்பெட்டிக்காரி, “என்ன ரெனே, விட்டுட்டேன்னு பேப்பர்ல போட்டிருந்துச்சே?” என்றாள். “தம்பிக்கு” என்றாள் ரெனே. தம்பி கிடையாது அவளுக்கு. அதற்கப்புறம் பாலம் தாண்டிப் பக்கத்து மாநிலமான விஸ்கான்சின் பக்கம் போய் வாங்க ஆரம்பித்தாள். தினமும் காலையில் இன்றைக்கு விட்டுவிட வேண்டும் என்றுதான் எழுந்தாள்.

ப்ரிட்டாவின் முகத்தில் களை திரும்பியது. மூன்றாம் பகுதியிலும் பறந்தாள். “என்ன சூப்பு குடுத்தே ரெனே?” என்று கேட்டார் கோச் வூரி. பிப்ரவரிக் கடைசியில் வட்டாரப் போட்டி. கல்லூரிக்காரர்கள் வருவதாக உறுதியாயிற்று. வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் ப்ரிட்டா அம்மாவைக் கட்டிக்கொண்டு, “இன்னிக்கும் தாங்கிட்டோம்” என்பாள். “தாங்கிட்டோம்” என்பாள் ரெனே. அந்தக் கட்டிக்கொள்ளலுக்காகவாவது விட்டுத் தொலைக்கக் கூடாதா பாவி மனுஷி!

பேருந்து ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஒவ்வொரு ஓட்டமும் முடிந்ததும் கடைசி வரிசை வரை நடந்து போய், எந்தப் பிள்ளையாவது தூங்கிவிட்டதா என்று ஒவ்வொரு இருக்கையாகப் பார்த்துவிட்டு வர வேண்டும். இத்தனை வருஷத்தில் ரெனே அதைத் தவறவிட்டதில்லை. போட்டிக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை, பள்ளியில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, லூத்தரன் சர்ச்சின் பின்னால் வண்டியை நிறுத்தினாள். மனசு பறந்தது. முதலில் இழுப்போம், பிறகு நடப்போம் என்று ஓட்டுநர் இருக்கையிலேயே சாய்ந்து கண்ணை மூடி இழுத்தாள். பெருமூச்சாக வெள்ளைப் புகை கண்ணாடியெல்லாம் பரவியது. கடைசி வரிசையில் தூங்கிப்போய், கோட்டுக்குள் சுருண்டு கிடந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கண்விழித்துப் போனை உயர்த்தியது அவளுக்குத் தெரியாது. பிறகு நடந்து போனபோது அந்தப் பெண் தூங்குகிற மாதிரியே கிடந்தாள். “அடக் கடவுளே, எழுந்திரும்மா” என்று பதறி, அவளைப் பள்ளி வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.

மத்தியானத்துக்குள் ஊரில் அந்த வீடியோவைப் பார்க்காத ஆள் இல்லை. ரெனே இழுக்கிறாள், ஓட்டுநர் கண்ணாடியில் அவள் கண் சொக்குகிறது, புகை. அதன் மேலே ஒட்டுப்போட்ட அவளுடைய விளம்பரக் குரல்: இப்ப என் மூச்சு என்கிட்டயே வந்துருச்சு. கீழே பிள்ளைகள் எழுதினார்கள், சிரித்தார்கள், இது என்ன வாசனை, எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். கம்பெனியின் விளம்பரமும் ஜனீனின் கூட்டமும் சேர்ந்து போய்ச் சேராத இடத்துக்கெல்லாம் அது அரைநாளில் போய்ச் சேர்ந்தது.

ரெனேக்கு மட்டும் யாரும் அனுப்பவில்லை. யார் அனுப்புவார்கள்? சாயங்கால ஓட்டத்தில் பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. பேருந்தில் பேச்சு மூச்சு இல்லை. ப்ரிட்டா தலைவலி என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். போட்டிப் பயம் என்று நினைத்து ரெனே அவளைத் தொந்தரவு செய்யவில்லை. சனிக்கிழமை மத்தியானம் ஆட்டத்துக்குப் போனால், எதிரே வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். “குளிர் ஜாஸ்தி இல்ல?” என்றாள் பல்பொருள் கடைக்காரி. “ஜாஸ்திதான்” என்றாள் ரெனே. “ரோட்ல வழுக்குது, பாத்துப் போங்க” என்றார் ஒருத்தர். ஜனீன் கூட வந்திருந்தாள், ரெனேயின் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, கண்ணைப் பார்க்காமல், “காப்பி குடிச்சீங்களா?” என்று கேட்டுவிட்டு வேறு பக்கம் போய் உட்கார்ந்தாள். அவள் மனம் நோகக் கூடாது என்று ஊரே அவளிடம் வானிலை பேசியது.

ப்ரிட்டா அன்றைக்கு ஆடியது ஆட்டமே இல்லை. காலடியில் வந்த ‘பக்’ வட்டைக் கூட விட்டாள். மூன்றாம் பகுதியில் கோச் அவளை உட்கார வைத்துவிட்டார். கல்லூரியிலிருந்து வந்தவர் பாதியில் எழுந்து போனார்.

காரில் பையைப் பின்னால் எறிந்துவிட்டு ப்ரிட்டா முன்னால் ஏறினாள். ரெனே சாவியைப் போட்டாள்.

“பரவாயில்லடி. ஒரு ஆட்டம்தானே. அடுத்த வருஷம்…”

ப்ரிட்டா போனை அவள் முன்னால் நீட்டினாள். ரெனே தன்னைப் பார்த்தாள். தன் கண் சொக்குவதைப் பார்த்தாள். தன் குரலைக் கேட்டாள். முடிந்ததும் அது தானாகவே மறுபடி ஆரம்பித்தது. ப்ரிட்டா போனை அணைத்தாள்.

“நேத்தே பாத்தியா?”

“நாலாவது பீரியட்லயே.”

“ப்ரிட்டா, நான் சொல்றதைக் கேளு. அன்னிக்கு ஜனீன் அப்படிச் சொன்னதும், எல்லாரும் கை தட்டினதும்…”

“எனக்கு ஜனீனைப் பத்திக் கவலை இல்லம்மா. ஊரைப் பத்திக் கவலை இல்ல. பாத்ரூம்ல உக்காந்து எனக்கும் அப்படித்தான்டி இருக்குன்னியே.” அவள் குரல் உயரவே இல்லை. கத்தியிருந்தால் கூட ரெனேக்குத் தாங்கியிருக்கும். “ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய் ஒண்ணு வாங்கிடலாம்னு தோணும். பாவம், அம்மாவும் இப்படித்தானே தவிச்சுக்கிட்டு பஸ் ஓட்டிட்டிருப்பான்னு நினைப்பேன். நீ தாங்கறியேன்னுதான் நான் தாங்கினேன். அங்க நான் மட்டும்தான் இருந்தேனா?”

ரெனே சாவியிலிருந்து கையை எடுத்தாள்.

“மூணாவது பகுதிக்கு முன்னாடி எங்க டீம் மேடிகிட்ட வாங்கி இழுத்துட்டேன்” என்றாள் ப்ரிட்டா. “ரெண்டு தடவை. நல்லா இருந்துச்சு.”

ரெனே கதவைத் தள்ளித் திறந்தாள். கோட்டுப் பையிலிருந்து அதைப் பிடுங்கி எடுத்து, வீசி எறிந்தாள். நிறுத்துமிடத்தைத் தாண்டிப் பனிக்குவியலில் போய் விழுந்து புதைந்தது. “இதோ, போச்சு! இனிமே சத்தியமா தொட மாட்டேன். உன் மேல சத்தியம். இன்னிலேர்ந்து ரெண்டு பேரும் முதல்லேர்ந்து…” என்று அழுதுகொண்டே சொன்னாள். சுற்றிலும் வண்டி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் பார்க்காதது மாதிரி கண்ணாடியில் பனியைச் சுரண்டினார்கள்.

ப்ரிட்டா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“எங்க விழுந்துச்சுன்னு பாத்து வச்சுக்கிட்டேதானே?”

“என்னடி பேசறே! சத்தியமா இல்ல!”

ப்ரிட்டா முகத்தைத் திருப்பிக்கொண்டு பெல்ட்டை மாட்டினாள். ரெனே கதவைச் சாத்தி வண்டியைப் பின்னால் எடுத்தாள். விளக்குக் கம்பத்துக்கு இந்தப் பக்கம், குப்பைத் தொட்டியை ஒட்டி. அவள் பார்த்துத்தான் வைத்திருந்தாள்.